இரண்டு அடி இடம்



மீஞ்சூரில் வாழ்வோருக்கு வண்டிகளைப் பற்றி எவரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. காமராசர் துறைமுகத்திற்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்திற்கும் செல்லும் கன்டெய்னர் லாரிகளும், அனல்மின் நிலையத்தை நாடிச் செல்லும் வண்டிகளும் இரவு பகலாக நம் பகுதிச் சாலைகளில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. வண்டலூரில் தொடங்கும் வெளிவட்டச் சாலையும் நம் ஊரை நோக்கியே வருகிறது. இத்தனை பெரிய வண்டிகளுக்கும் வழி அமைத்துத் தந்திருக்கிற இந்த ஊரில், நடக்க இயலாத ஒருவர் தம் சிறிய வண்டியைத் தம் வீட்டு எல்லைக்குள் கொண்டுவந்து நிறுத்த வழி உண்டா? இந்த மாதம் இக்கேள்வியைக் குறித்துச் சிந்திப்போம்.

இவ்வூர்ச் சகோதரி ஒருவர் எழுதிய கடிதமே இச்சிந்தனைக்குக் காரணம். அவருடைய கணவர் சரக்கேற்றும் பணியில் முதுகுத் தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். அரசின் மாற்றுத் திறனாளிகள் நலத்துறை வழியாக, பின்புறம் இரு சக்கரங்கள் இணைத்த பெட்ரோல் ஸ்கூட்டர் ஒன்று அவருக்குக் கிடைத்தது. கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு சம்பாதிக்கவும் தொடங்கினார். ஆனால் வண்டி நிற்பதோ தெருமுனையில், ஒரு கடையின் ஓரத்தில். அண்ணனோ அண்டை வீட்டு இளைஞனோ அவரைத் தூக்கிச் சென்று வண்டியில் அமர்த்தவேண்டும். அண்ணனுக்கு இரவு வேலை வந்தால் இவருக்கு அன்று பகலில் தொழில் இல்லை. மழை நாளில் இல்லை. தூக்குபவருக்கு இடுப்பு வலித்தால் இல்லை. இப்படியே போனால் தொழில் கைவிட்டுப் போகும் என அச்சகோதரி அஞ்சுகிறார்.

வீடு மாமனார் கட்டியது. 20 அடி அகலமும் 60 அடி நீளமும் கொண்ட மனை. முன்பகுதியில் மூத்தவர், பின்பகுதியில் இளையவர். பக்கவாட்டில் 3 அடி நடை மட்டுமே உண்டு. ஸ்கூட்டர் அதற்குள் நுழையாது. முன்புறத்து அறையை மூத்தவர் ஒரு கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். “அந்தக் கடைச் சுவரை 2 அடி உள்ளே தள்ளிக் கட்டினால் போதும் என்று கொத்தனார் சொல்கிறார். மைத்துனரிடம் இதை எப்படிக் கேட்பது? கேட்டால் குடும்பம் உடைந்துவிடுமோ? பேசாமல் வாடகை வீட்டிற்குப் போய்விடலாமா?” என்று அவர் வினவுகிறார்.

ஊனமுற்றவருக்கு வண்டி கிடைத்துவிட்டது, இனி வேறென்ன குறை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். நாம் செருப்பை எங்கே கழற்றி வைக்கிறோம்? வாசலில். தெருமுனையில் விட்டுவிட்டு அங்கிருந்து நம்மை யாரேனும் சுமந்துவரட்டும் என்று காத்திருப்பதில்லை. நடக்க இயலாதவருக்கு அவருடைய வண்டியே கால். அது படுக்கையிலிருந்து எத்தனை அடி தொலைவில் நிற்கிறதோ, அத்தனை அடி தொலைவிற்கு அவர் பிறர் கையை எதிர்பார்த்தே வாழவேண்டியவராகிறார். ஒருமுறை தூக்கிவிடுவது அன்பின் செயல்தான். ஆனால் நாள்தோறும் இருமுறை தூக்கப்படவேண்டிய மனிதர், எத்தகைய அன்பு சூழ்ந்திருந்தாலும், சிறிது சிறிதாக வெளியே செல்வதையே நிறுத்திக்கொள்வார். தொல்லை தருகிறோமே என்ற எண்ணம் அவர் வாயை அடைத்துவிடும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் அவர்களை நம்முள் மூத்தவர்கள் அறிந்திருப்பர். 1954ஆம் ஆண்டு நேர்ந்த சாலை விபத்தில் அவர் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966ஆம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கக் காரணமாயிருந்தார். 1972ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய மனவுறுதியைப் புகழ்கிறோம், புகழத்தான் வேண்டும். ஆயினும் அறுவை அரங்கின் கதவு அவருடைய நாற்காலி நுழையும் அகலத்தில் இல்லாதிருந்தால் அந்த மனவுறுதி எந்த நோயாளிக்குப் பயன்பட்டிருக்கும்? மனவுறுதி அவரவர் தருவது; கதவின் அகலம் சுற்றியிருப்போர் தருவது.

இனி அளவுகளுக்கு வருவோம். நல்ல மனம் இருந்தும் அளவு அறியாமையால் பயனற்றுப்போன சாய்தளங்கள் நம் ஊரில் பல உண்டு.

முதலாவது, சரிவு. சக்கர நாற்காலிக்கு 1 அங்குல உயரத்திற்கு 1 அடி நீளம் வேண்டும். அதாவது 12க்கு 1. வாசல் 2 அடி உயரமானால் சாய்தளம் 24 அடி நீளம் இருக்கவேண்டும். மூன்று படிகளின் மேல் 5 அடி நீளத்திற்குச் சிமெண்டு பூசிவிட்டு அதைச் சாய்தளம் என்பது வீண். அதில் ஏறுபவர் பின்னால் கவிழ்வார். இறங்குபவர் தெருவில் போய் விழுவார்.

இரண்டாவது, வண்டியின் அருகே இடம். வண்டி நிற்கும் இடம் மட்டும் போதாது. நாற்காலியை வண்டிக்கு இணையாக நிறுத்தி, உடலை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ள 4 அடி அகலம் பக்கத்தில் வேண்டும். பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஏறக்குறைய 4 அடி அகலத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே மொத்தம் 8 அடி. கார் வைத்திருப்போருக்கு அரசின் வழிகாட்டு நெறிகள் 3.6 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கூறுகின்றன. அஃதாவது ஏறக்குறைய 12 அடிக்கு 16½ அடி. நாற்காலி முழுவதும் திரும்ப 5 அடிக்கு 5 அடி வேண்டும். கதவு 3 அடிக்குக் குறையலாகாது.

மூன்றாவது, வண்டி நிற்கும் தரை சமமாக இருக்கவேண்டும். மழைநீர் ஓடுவதற்கு 50க்கு 1 என்ற அளவு சரிவு போதும். அதற்கு மேல் சரிந்திருந்தால், ஏறும் நேரத்தில் நாற்காலி நகர்ந்துவிடும். பளபளக்கும் கல்லும் டைல்சும் வேண்டா. சிமெண்டு ஈரமாயிருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்காகக் கோடு இழுத்த சொரசொரப்பான தரையே நல்லது.

நான்காவது, திரும்புமிடம். இத்தகைய ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றிற்குப் பின்னோக்கிச் செல்லும் கியர் இல்லை. நம்மைப்போல் காலால் உந்திப் பின்னே தள்ளவும் அவரால் இயலாது. எனவே உள்ளே சென்ற வண்டி உள்ளேயே திரும்பி, முகம் தெருவை நோக்க நிற்கவேண்டும். இதை மறந்து கட்டிய கொட்டகைக்குள் வண்டி சென்றுவிடும். வெளியே வர மீண்டும் ஒரு ஆளைத் தேடவேண்டும்.

இந்த அளவுகளைச் சகோதரியின் வீட்டில் பொருத்திப் பார்க்கலாம். வீட்டின் பேஸ்மட்டம் தெருவிலிருந்து 2 அடி உயரம் என எழுதியிருக்கிறார். முன்வாசலில் 24 அடிச் சாய்தளத்திற்கு இடமே இல்லை. ஆனால் பக்கவாட்டு நடை 45 அடி நீளம் உள்ளது. அது 3 அடியிலிருந்து 5 அடியாக அகலுமானால், அந்த நடையே சாய்தளமாகும். கேட்டின் உட்புறம் முதல் 6 அடி சமதளம். அங்கே வண்டி சாலையை விட்டு விலகி நிற்கலாம். பின்பு 24 அடி நீளத்திற்கு மெல்ல ஏறி, வீட்டின் தரைமட்டத்தை அடைந்து, சமமாகவே பின்புறம் செல்லலாம். பின்புறம் 20 அடிக்கு 15 அடி வெற்றிடம் உண்டு. வண்டி திரும்பவும், கூரையின் கீழ் நிற்கவும், நாற்காலி நேரே வீட்டிற்குள் உருளவும் அதுவே போதும். கொத்தனார் சொன்ன அந்த 2 அடியில்தான் அனைத்தும் அடங்கியிருக்கிறது.

பின்புறத்தையும் நடையையும் உயர்த்த ஏறக்குறைய 9 யூனிட் மண் தேவைப்படும். அதை ஒரேநாளில் கொட்டிச் சிமெண்டு பூசினால் அடுத்த மழையில் அமுங்கி வெடிக்கும். சிறிது சிறிதாகக் கொட்டி, நீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்கவேண்டும். கொட்டிய மண் அண்டை வீட்டாரின் மதிலைத் தள்ளலாகாது. நம் எல்லைக்குள் தனிச் சுவர் எழுப்பி அதன்மேல் அணைக்கவேண்டும். பின்புறத்தில் செப்டிக் டேங்க் இருந்தால் அதன் மூடியைப் புதைத்துவிடாமல் உயர்த்திக் கட்டி, மேலே வண்டி ஏறாதவாறு ஒதுக்கிவிடவேண்டும். மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடியில் கடல்நீர் ஊடுருவியிருப்பது பல பத்தாண்டுகளாக நாம் அறிந்ததே. உப்பு நீரில் கலவை போட்டால் உள்ளே உள்ள கம்பி துருப்பிடிக்கும். கலவைக்கும் அதன்பின் தரையை நனைப்பதற்கும் நல்ல தண்ணீரையே பயன்படுத்துங்கள். கடற்காற்று படும் ஊராதலால் இரும்புக் கைப்பிடிக்கும் கூரைச் சட்டத்திற்கும் துரு தடுக்கும் வண்ணம் பூசுவது இன்றியமையாதது. பேட்டரி நாற்காலி உள்ளவர்கள் அதே கூரையின் கீழ், வெள்ளம் எட்டாத உயரத்தில், அமர்ந்தபடியே கைக்கு எட்டும்படி ஒரு மின் இணைப்பும் வைத்துக்கொள்ளலாம்.

கேட்டைத் தெருப்பக்கம் திறக்கும்படி வைக்காதீர்கள். பக்கவாட்டில் இழுக்கும் கேட்டே அமர்ந்திருப்பவருக்கு எளிது. சாய்தளத்தை வெளியே நீட்டித் தெருவிலும் மழைநீர்க் கால்வாயின் மேலும் கட்டுவது நம் ஊர் வழக்கம். அது பொது இடம். ஒருநாள் இயந்திரம் வந்து இடித்துவிட்டுப் போகும். அன்றே அவர் மீண்டும் வீட்டிற்குள் அடைபடுவார். கால்வாயைக் கடக்கவேண்டுமெனில், தூர் வாரும்போது எடுத்துவைக்கக் கூடிய பலகைக் கல்லை, உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போடுவதே முறை.

நம் வீட்டு வாசல்கள் ஏன் இவ்வளவு உயர்ந்துவிட்டன என்பதையும் எண்ணிப்பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே தார் போட்டதால் சாலை உயர்ந்தது. மழைநீர் வீட்டிற்குள் வந்தது. நாம் வீட்டை உயர்த்தினோம். 2015ஆம் ஆண்டு வெள்ளமும் 2023ஆம் ஆண்டு மிக்ஜாம் புயலும் கண்டவர்கள் உயர்த்தாமல் என்செய்வர்? பழைய மேற்பரப்பை அகற்றிய பின்னரே புதிய சாலை போடவேண்டும் என 2021ஆம் ஆண்டு அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அவர்கள் அறிவுறுத்தினார். நம் தெருவில் சாலை போட வருவோரிடம் அதை நினைவூட்டுவது குடிமக்களாகிய நம் கடமை. சாலைக்கு மேல் வாசல் உயரும் ஒவ்வொரு அங்குலத்திற்கும் ஊனமுற்றவர் ஒருவர் 1 அடி சாய்தளம் கட்டவேண்டியிருக்கிறது அன்றோ?

அளவுகளை எல்லாம் சொல்லியாயிற்று. ஆனால் சகோதரியின் உண்மையான கேள்வி மண்ணைப் பற்றியதும் அன்று, சிமெண்டைப் பற்றியதும் அன்று. மைத்துனரிடம் எப்படிக் கேட்பது என்பதே அவருடைய கேள்வி.

சகோதரி, உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். மாமியார் என்ன சொல்வார், மைத்துனர் என்ன சொல்வார், ஓரகத்தி என்ன நினைப்பார் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவர் என்ன சொல்கிறார் என்பது அதில் ஓரிடத்திலும் இல்லை. முதலில் அவரைக் கேளுங்கள். எங்கே நிறுத்தினால் எளிது, எந்தப் பக்கமாக ஏறுகிறார், எந்தக் கை வலுவானது, பின்வாசல் வழியாக வீட்டிற்குள் வருவது மனத்திற்கு ஒப்புமா என்பவற்றை அவரைத் தவிர யாரும் சொல்ல இயலாது. பேச்சைத் தொடங்கவேண்டியவரும் அவரே. “அண்ணே, எனக்கு ஒரு வழி வேண்டும்” என்று தம்பி நேரே கேட்கும் சொல்லுக்கு உள்ள வலிமை, நாம் நூறு பேர் பரிந்துரைக்கும் சொல்லுக்கு இல்லை.

அடுத்து, இதை இரக்கமாகக் கேட்கவேண்டா. உங்கள் மாமனார் உயில் எழுதாமல் மறைந்தார் எனக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரண்டு பங்கும் மகன், மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக உரியது. பிள்ளைகள் இருவர் மட்டுமே என்பதால், தாய்க்கும் ஒவ்வொரு மகனுக்கும் மும்மூன்றில் ஒரு பங்கு வருகிறது. முன்பகுதி அண்ணனுக்கு, பின்பகுதி தம்பிக்கு என்பது வாய்மொழி ஏற்பாடே. ஆகவே கடைச் சுவர் முழுவதும் அண்ணனுடையது என்றோ, அவர் அதிலிருந்து தம்பிக்குப் பிச்சையிடுகிறார் என்றோ யாரும் நினைக்கத் தேவையில்லை. ஆனால் இதைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றத்திற்கு ஓடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தீர்ப்பு வருமுன் தொழில் போய்விடும். அண்ணன் தம்பி உறவும் போய்விடும்.

மூத்தவருடைய பக்கத்தையும் நாம் மறக்கலாகாது. இத்தனை நாளும் தம்பியைத் தோளில் சுமந்தவர் அவர்தான். கடை வாடகை அவருடைய பிள்ளைகளின் படிப்புக்கு ஆகிறது. கடை 2 அடி குறுகினால் வாடகையும் குறையலாம். அந்த இழப்பை ஈடுசெய்யும் வழியையும் சேர்த்தே பேசுங்கள்: சுவரை மாற்றிக் கட்டும் செலவைத் தம்பி ஏற்கலாம், பின்புறக் கூரையின் கீழ் அண்ணனுடைய மோட்டார் சைக்கிளுக்கும் இடம் தரலாம். தாயார் உயிரோடிருக்கும்போதே, அவர் முன்னிலையில் இதைப் பேசி முடித்தல் நலம்.

பேசியதை எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரங்களில் “நடைபாதை” என்று எழுதுவது வழக்கம். அந்த ஒரு சொல் பிற்காலத்தில் வழக்காக வளரும். ஒருவகைப் பாதைக்கான உரிமை மற்றொரு வகைப் பாதைக்கான உரிமையைத் தாராது என்பது 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் கூறும் விதி. நடக்கும் உரிமை உள்ளவருக்கு வண்டி ஓட்டிச் செல்லும் உரிமை தானாக வாராது. ஆகவே “5 அடி அகலமுள்ள வண்டிப் பாதை” என்று அளவோடும் வரைபடத்தோடும் எழுதச் சொல்லுங்கள். இன்று அண்ணன் அன்புடன் தருவதை நாளை அவருடைய வாரிசுகளோ, வீட்டை வாங்கும் அயலாரோ மறிக்க இயலாது.

வாடகை வீட்டிலும் அடுக்ககத்திலும் வாழ்வோருக்கு ஒரு சொல். வாடகைதாரர், வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வமான இசைவுடன், காலி செய்யும்போது எடுத்துச் செல்லக்கூடிய இரும்பு அல்லது மரச் சாய்தளம் வைத்துக்கொள்ளலாம். அடுக்ககத்தில் திறந்தவெளி வண்டி நிறுத்துமிடம் அனைவருக்கும் பொது என்று 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் கூறுகிறது. லிப்டுக்கு அருகிலுள்ள அகலமான இடத்தை மாற்றுத் திறனாளிக்கு ஒதுக்குவதில் சங்கத்தார் தயங்கவேண்டியதில்லை. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், நரம்பு மண்டல நோயுற்ற பெண்மணி ஒருவர் தம் அடுக்ககத்திலேயே வண்டி நிறுத்த இடம் கேட்டார். காத்திருப்போர் பட்டியலின்படிதான் தருவோம் என்றது நிர்வாகம். 1995ஆம் ஆண்டு அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு உடனே இடம் தரும் உத்தரவை உறுதி செய்தது. எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது சிலவேளை நீதியாகாது என்பதே அதன் பொருள்.

நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இதே கருத்தை ஏற்றுள்ளது. கட்டடங்களுக்கான அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இராமல் கட்டாயமாக இருக்கவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2024ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் தீர்ப்பளித்தது. இவை பொதுக் கட்டடங்களைப் பெரிதும் நோக்கியவை. குடும்பத்திற்குள் 2 அடிச் சுவரைத் தள்ளிக் கட்டும்படி எந்த அதிகாரியும் வந்து உத்தரவிடப்போவதில்லை. அங்கே மனச்சான்றுதான் அதிகாரி.

வீட்டிற்குள் எவ்வளவு அழகாக இடம் அமைத்தாலும், கேட்டின் முன் வேறொருவர் வண்டியை நிறுத்திவிட்டால் அத்தனையும் வீண். வீடுகளின் நுழைவாயிலை மறித்து நிறுத்தலாகாது என 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. “ஐந்தே நிமிடம்தானே” என்று நாம் சொல்கிறோம். கால் உள்ளவர் அந்த ஐந்து நிமிடமும் சந்து வழியே சுற்றிப் போய்விடுவார். மற்றவர் வெயிலில் வண்டியின்மேல் அமர்ந்து காத்திருப்பார். ஞாயிறு திருப்பலிக்கு வரும் நம் மோட்டார் சைக்கிள்களும், திருமண நாளில் கோயிலைச் சுற்றி நிற்கும் கார்களும் எத்தனை கேட்டுகளை மறிக்கின்றன என்பதை நம்மவர்களே ஒருமுறை சுற்றிவந்து எண்ணிப் பார்க்கலாம்.

கப்பர்நாகூமில் முடக்குவாதக்காரனைச் சுமந்துவந்த நால்வரை நற்செய்தி காட்டுகிறது. கூட்டம் வாசலை மறித்து நின்றது. அவர்கள் கூரையைப் பிரித்து வழி செய்தார்கள். அவ்வீட்டுக்காரர் கூரையைப் பற்றி முறையிட்டதாக எங்கும் எழுதப்படவில்லை. இதில் நம்மில் ஒவ்வொருவருக்கும் ஓரிடம் உண்டு: சுமப்பவராக இருக்கலாம், கூரையை விட்டுக்கொடுத்தவராக இருக்கலாம், வாசலை மறித்து நின்ற கூட்டமாகவும் இருக்கலாம்.

உங்கள் வீட்டிலோ உறவிலோ நடக்க இயலாதவர் ஒருவர் இருந்தால், இந்த வாரமே ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு அவரோடு உட்காருங்கள். படுக்கையிலிருந்து தெருவரை எத்தனை படி, எத்தனை அங்குலம், எந்தக் கதவு எத்தனை அகலம் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். பணம் சேர நாளாகலாம். ஆனால் அளவு எடுத்த அன்றே, இவ்வீட்டில் தமக்கும் ஒரு வழி உண்டு என்பதை அவர் அறிந்துகொள்வார்.